“இது எதுக்கு சார்?”: மின்னியல் டிப்ளமோ ஆசிரியர்களுக்கான கேள்வி பதில்

பாலிடெக்னிக் கல்லூரிகளில் மின்னியல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. பாடத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை மாணவர்களிடம் எப்படிச் சொல்வது, எந்தக் கணக்கை எடுத்துக்காட்டுவது, எங்கே சறுக்கும் என்பவை இதில் உள்ளன. எண்கள் எல்லாம் கரும்பலகையில் அப்படியே போட்டுக் காட்டத் தக்கவை.

“பின்னாடி வேலைக்கு உதவும்” என்று சொன்னால் மாணவர்கள் ஏன் காதில் போட்டுக்கொள்வதில்லை?

எல்லாப் பாடத்துக்கும் எல்லா ஆசிரியரும் சொல்வது அதுதான். எங்கே, எப்போது, யாருக்கு உதவும் என்ற மூன்றும் அதில் இல்லை. பதினெட்டு வயதுப் பையனுக்கு ‘பின்னாடி’ என்பது மிகத் தூரம். “அரியர் விழுந்துடும்” என்று பயமுறுத்தினால் தேர்வு வரைக்கும் படிப்பான், தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுவான்.

அதற்குப் பதிலாக ஒரு முடிவைக் காட்டுங்கள். இந்தக் கணக்கைப் போட்டால் ஒரு முடிவு, போடாவிட்டால் வேறு முடிவு, அந்த வேறு முடிவால் மோட்டார் எரியும் அல்லது ஒருவர் ஷாக் அடித்துச் சாவார் அல்லது மாதாமாதம் பணம் போகும். அப்படி ஒரு முடிவைக் காட்ட முடிகிற பாடத்துக்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

முதல் பருவத்தில் ஓம் விதி, தொடர் இணைப்பு எல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான் என்கிறார்கள். இதில் வேலைக்கானது என்ன இருக்கிறது?

உயிர் இருக்கிறது. எர்த் கணக்கை முதல் வாரத்திலேயே போட்டுக் காட்டுங்கள்.

ஒரு வீட்டில் 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்). வீட்டு எர்த் குழியின் மின்தடை 18 ஓம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் 2 ஓம். ஃப்ரிட்ஜுக்குள் ஃபேஸ் வயர் உரிந்து பாடியில் தொட்டுவிட்டது. எம்சிபி விழுமா? வகுப்பில் கை தூக்கச் சொன்னால் பெரும்பாலோர் “விழும்” என்பார்கள்.

இப்போது கணக்கு. மொத்தத் தடை 20 ஓம். 230 வோல்ட்டை 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது சாதாரண லோடுதான், அது விழவே விழாது. அந்த 11.5 ஆம்பியர் 18 ஓம் வழியாகப் போகும்போது ஃப்ரிட்ஜின் பாடியில் நிற்கும் வோல்டேஜ் 207. எர்த் போட்டிருக்கிறது, எம்சிபி இருக்கிறது, ஆனாலும் கதவைத் திறக்கிறவருக்கு 207 வோல்ட்.

அடுத்து ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு 11.5 ஆம்பியர் கசிவு என்பது அதன் அளவைப் போல 300 மடங்குக்கும் மேல். 5 மடங்கு கசிவிலேயே 40 மில்லி செகண்டுக்குள் அது துண்டித்தாக வேண்டும் என்பதுதான் தர விதி. “எம்சிபி இருக்கே, ஆர்சிசிபி எதுக்குத் தண்டச் செலவு?” என்று வீட்டுக்காரர் நாளைக்குக் கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல இந்த இரண்டு வரிக் கணக்குப் போதும். இதைத் தெரியாதவர் வீட்டுக்காரர் சொன்னபடி ஆர்சிசிபி இல்லாமலே வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார்.

இங்கே ஆசிரியர்கள் செய்யும் தவறு, முடிவை முதலில் சொல்லிவிடுவது. கை தூக்க வைத்துவிட்டுப் பிறகு கணக்கைப் போடுங்கள். தான் நினைத்தது தப்பு என்று தெரிந்த நொடியில்தான் சூத்திரம் அவன் கவனத்துக்கு வரும்.

கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பொருந்துகிற உதாரணம் ஏதாவது?

கிணற்று மோட்டார். 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் பம்பு, மீட்டரிலிருந்து 150 மீட்டர் தூரம், ஓடும்போது சுமார் 10 ஆம்பியர். “10 ஆம்பியர்தானே, ரெண்டரை ஸ்கொயர் வயர் தாங்கும்” என்று இழுத்துவிடுகிறார்கள். தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். போக வர 300 மீட்டர் என்றால் 2.22 ஓம். 10 ஆம்பியருக்கு 22 வோல்ட் வழியிலேயே போய்விடும், மோட்டாருக்குக் கிடைப்பது 208. கம்பியில் சூடாக வீணாவது 222 வாட்.

ஸ்டார்ட் ஆகும்போது நிலைமை மோசம். அந்த நேரத்தில் நேரடி சப்ளையில் 40 ஆம்பியர் இழுக்கிற மோட்டாரை 5.75 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு 2.22 ஓம் தொடரில் சேர்ந்தால் மோட்டார் முனையில் 166 வோல்ட்தான் நிற்கும். டார்க் (மோட்டாரின் சுழற்று விசை) வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் கிடைப்பது பாதி. மோட்டார் உறுமும், சுற்றாது, காயில் கருகும். அதே இடத்தில் 6 சதுர மி.மீ. (கிலோமீட்டருக்கு 3.08 ஓம்) போட்டால் ஓடும்போது இழப்பு 9 வோல்ட், ஸ்டார்ட்டிங்கில் 198 வோல்ட் நிற்கும். பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்திறனில் உண்மையில் வேலையாகும் பங்கு) விட்டுவிட்டுப் போட்ட எளிய கணக்கு இது என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் அதே கணக்கைச் சரியாகப் போட வைக்கலாம்.

மோட்டார் எரிந்ததும் பழி பெரும்பாலும் “லோ வோல்டேஜ்” மேல் விழும். லைனில் 230 வந்தும் வயரால் எரிந்தது என்று கண்டுபிடித்துச் சொல்கிற ஆளுக்குத்தான் ஊரில் மதிப்பு.

கிர்க்காஃப் விதிக்கு?

நியூட்ரல் அறுந்தால் தெருவில் டிவி எல்லாம் ஏன் போகிறது என்று கேளுங்கள். ஏறக்குறைய எல்லா மாணவருக்கும் இப்படி ஒரு சம்பவம் தெரிந்திருக்கும். பக்கத்துப் பக்கத்து வீடுகள் வேறு வேறு ஃபேஸில் இருக்கின்றன. ஒரு வீட்டில் கீசர், அயர்ன் பாக்ஸ் சேர்ந்து 10 ஓம். இன்னொன்றில் டிவியும் இரண்டு விளக்கும், 100 ஓம் என்று வையுங்கள். நியூட்ரல் அறுந்ததும் இரண்டும் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடரில் நிற்கும். குறைந்த லோடு உள்ள வீட்டுக்கு 377 வோல்ட். டிவி புகைந்த வீட்டில் எந்தத் தப்பும் இல்லை, தெருவில் இருக்கிறது. பழுது தேடுகிறவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

ஸ்டார்-டெல்டாவை மனப்பாடம் செய்கிறார்கள், புரியவில்லை. ரூட் 3 எதற்கு என்று கேட்கிறார்கள்.

ஓவர்லோடு ரிலேயை (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் சாதனம்) செட் பண்ணச் சொல்லுங்கள், புரிந்துவிடும்.

15 கிலோவாட், அதாவது 20 எச்.பி. மோட்டார். பெயர்ப்பலகையில் சுமார் 28 ஆம்பியர் இருக்கும். மோட்டாரை ஸ்டார் இணைப்பில் தொடங்கிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் மெயின் கான்டாக்டருக்குக் கீழே, டெல்டா கண்ணிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும். அது பார்ப்பது லைன் கரண்ட் அல்ல, ஃபேஸ் கரண்ட். எனவே செட்டிங் 28ஐ 1.732ஆல் வகுத்து, 16 ஆம்பியர் சொச்சம். பலகையில் 28 என்று இருக்கிறதே என ரிலேயையும் 28இல் வைத்துவிட்டால், லைனில் 48 ஆம்பியர் ஓடும் வரைக்கும் ரிலேக்கு எதுவும் தெரியாது. ரிலே இருந்தும் மோட்டார் எரிந்து கிடக்கும். ரிலே மெயின் சப்ளையின் உள்வரும் பக்கத்தில் இருந்தால் 28தான் சரி. எனவே செட்டிங் வைப்பதற்கு முன் வயரிங்கைப் பார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பாதி டார்க் பற்றியது. ஸ்டாரில் லைன் கரண்ட் மூன்றில் ஒன்றாகும், டார்க்கும் மூன்றில் ஒன்றாகும். சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு அது போதும், ஏனென்றால் மெதுவாகச் சுற்றும்போது அதற்கு லோடு குறைவு. சரக்கு ஏற்றிய கன்வேயருக்கோ அழுத்தம் இறங்காத கம்ப்ரசருக்கோ போதாது. மோட்டார் பாதி வேகத்தில் திணறும், டைமர் டெல்டாவுக்கு மாற்றும், அந்த நொடியில் நேரடி ஸ்டார்ட் அளவுக்குக் கரண்ட் பாயும், பிரேக்கர் விழும். “டைமர் நேரத்தைக் கூட்டு” என்று சைட்டில் யாராவது யோசனை சொல்வார். டைமரைக் கூட்டினால் தீராது என்று சொல்ல, டார்க் வளைவு வரைந்து படித்தவர் வேண்டும். வேலைக்கான நேர்முகத்தேர்வில் இந்த இரண்டு கேள்விகளும் அடிக்கடி வருகின்றன என்பதையும் சொல்லிவைப்பது நல்லது.

கணிதம்தான் பெரிய தலைவலி. டிரிகோணமெட்ரிக்கு வேலையில் என்ன இடம்?

பவர் ஃபேக்டர். இதற்கு ஓர் உயரழுத்த மின்கட்டண ரசீது நகல் கையில் இருந்தால் போதும். நுகர்வோர் எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டுக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புக்கு டிமாண்ட் கட்டணம் கேவிஏ (வோல்டேஜையும் கரண்டையும் வைத்துக் கணக்கிடும் மொத்த மின்திறன்) கணக்கில் வருகிறது. சராசரி பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே இறங்கினால் அதற்கென்று தனித் தொகையும் சேரும்.

100 கிலோவாட் லோடு, பவர் ஃபேக்டர் 0.75 என்றால் 133 கேவிஏ. அதை 0.95க்கு உயர்த்தினால் 105 கேவிஏ. இந்த 28 கேவிஏவுக்கான பணம் மாதாமாதம் மிச்சம். எவ்வளவு கெப்பாசிட்டர் வேண்டும்? கொசைன் 0.75 ஆகும் கோணத்துக்கு டேன் மதிப்பு 0.882, 0.95க்கு 0.329, வித்தியாசம் 0.553. 100ஆல் பெருக்கினால் 55 கேவிஏஆர். ‘டேன் தீட்டா’ என்று பள்ளியிலிருந்தே திட்டிக்கொண்டிருந்தது இங்கே நேராக கெப்பாசிட்டர் ஆர்டரில் எழுதுகிற எண்ணாகிறது. லைன் கரண்ட் 185இலிருந்து 146 ஆம்பியராக இறங்கும், கேபிள் இழப்பு கிட்டத்தட்ட 38 சதவீதம் குறையும்.

மூன்று எச்சரிக்கைகளையும் சேர்த்தே நடத்துங்கள். கெப்பாசிட்டருக்குப் பிறகு, லோடு பக்கம் உள்ள கேபிளில் கரண்ட் குறையாது. எனவே எங்கே பொருத்துகிறோம் என்பது முக்கியம். நிலையான கெப்பாசிட்டரை இரவில் மெஷின் நின்ற பிறகும் லைனில் விட்டால் பவர் ஃபேக்டர் லீடிங்குக்குப் போய்விடும். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் எலெக்ட்ரானிக் டிரைவ்) நிறைய உள்ள ஆலையில் வெறும் கெப்பாசிட்டர் ஹார்மோனிக்ஸால் உப்பி வெடிக்கலாம், அங்கே ரியாக்டர் சேர்க்க வேண்டும்.

“நான் சோலார் பக்கம் போகப் போறேன், இதெல்லாம் வேண்டாம்” என்கிற மாணவருக்கு?

சோலாரிலேயே கணக்குக் கொடுங்கள். ஒரு பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ் 25 டிகிரியில் 49.5. ஒரு டிகிரி குறைந்தால் 0.27 சதவீதம் ஏறும். இன்வர்ட்டரின் உச்சவரம்பு 1000 வோல்ட். 19 பேனலைத் தொடரில் போடலாமா?

25 டிகிரியில் 940 வோல்ட், பிரச்சினை இல்லை. மதுரையில் விடியற்காலை 15 டிகிரி என்று எடுத்தாலும் 966, அங்கேயும் சரிதான். உதகையில் பனிக்காலத்தில் பூஜ்ஜியத்துக்கு இறங்கும். அங்கே 1004 வோல்ட். காலை முதல் வெயில் படும் நேரத்தில் இன்வர்ட்டர் போய்விடலாம், உத்தரவாதமும் செல்லாது. அதே பேனல், அதே இன்வர்ட்டர், ஊர் மட்டும் வேறு. நேர்கோட்டுச் சமன்பாடு ஒன்றைத் தவிர இதில் வேறெதுவும் இல்லை. உதகையில் 18தான் போட வேண்டும் என்று மாணவரே சொல்லும் வரை காத்திருங்கள்.

தெவனின் தேற்றம் போன்றவற்றை எங்கே காட்டுவது?

டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் சர்க்யூட் கணக்கில். 500 கேவிஏ, 433 வோல்ட் என்றால் முழு லோடு கரண்ட் 667 ஆம்பியர். பெயர்ப்பலகையில் மின்மறுப்பு 4.5 சதவீதம் என்று இருந்தால் ஷார்ட் ஆகும்போது 667ஐ 0.045ஆல் வகுக்க, 14.8 கிலோ ஆம்பியர். அருகிலேயே பொருத்தும் பிரேக்கரின் துண்டிக்கும் திறன் 10 கிலோ ஆம்பியர் என்றால் ஷார்ட் ஆகும் நாளில் அது துண்டிக்காது, வெடிக்கும். மூலத்தை ஒரு வோல்டேஜும் ஒரு மின்மறுப்புமாகச் சுருக்கிப் பார்ப்பதுதான் அந்தத் தேற்றம். விலைப்பட்டியலில் ஒரே ஆம்பியர் பிரேக்கருக்கு ஏன் இரண்டு மூன்று விலை என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

உண்மையிலேயே இப்போது பயன்படாத பாடத்துக்கு என்ன சொல்வது?

பயன்படாது என்று சொல்லுங்கள். வார்டு-லியோனார்டு முறையை (தனி ஜெனரேட்டர் வைத்து டி.சி. மோட்டாரின் வேகத்தை மாற்றும் பழைய முறை) இன்று புதிதாக யாரும் நிறுவுவதில்லை. லேப், வேவ் வைண்டிங் படத்தை வரைவது ரீவைண்டிங் பக்கம் போகிற சிலருக்குத்தான் நேரடி உதவி. இதை ஒளித்து, எல்லாம் முக்கியம் என்று அடித்துச் சொன்னால் மாணவர்கள் ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எர்த் பற்றிச் சொன்னதையும் நம்ப மாட்டார்கள். அந்த நம்பிக்கையை இழப்பது பெரிய நஷ்டம்.

பயன்படாத முறைக்குள் பயன்படும் கருத்து இருந்தால் அதை மட்டும் பிரித்துக் காட்டலாம். ஆர்மேச்சர் வோல்டேஜை மாற்றி வேகத்தை மாற்றுவது என்ற கருத்து டி.சி. டிரைவ்களில் தொடர்கிறது. டி.சி.யே பழசு என்று நினைப்பவர்களுக்கு ராய்கர்–புகளூர் தடத்தைச் சொல்லுங்கள். சத்தீஸ்கரிலிருந்து தமிழ்நாட்டுக்கு 800 கிலோவோல்ட் டி.சி.யில், 6,000 மெகாவாட் கொண்டுவரும் திறனுடன் அமைக்கப்பட்டது அது.

ரெக்கார்டு நோட்டை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். இதை எப்படி மாற்றுவது?

ரெக்கார்டை டெஸ்ட் ரிப்போர்ட்டாக மாற்றுங்கள். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை என்று நாலு பக்கம் எழுத வைப்பதைக் குறைத்து, வேலையில் கேட்கிறவற்றைக் கேளுங்கள்: கருவியின் வரிசை எண், ரேஞ்ச், தேதி, நேரம், அறை வெப்பநிலை, அளவீடு, ஏற்கலாமா கூடாதா என்ற ஒற்றை வரி முடிவு, கையெழுத்து. மெகர் சோதனை (இன்சுலேஷனின் மின்தடையை அளப்பது) என்றால் 500 வோல்ட்டில் எடுத்தார்களா, எடுக்கும் முன் சப்ளையைத் துண்டித்து நியூட்ரலைப் பிரித்தார்களா, எலெக்ட்ரானிக் சாதனங்களைக் கழற்றினார்களா என்பதையும் எழுத வேண்டும். வெப்பநிலை எதற்கு என்று கேட்பார்கள். 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். வெப்பநிலை எழுதாத மெகர் ரீடிங்கைப் போன வருட ரீடிங்கோடு ஒப்பிட முடியாது.

ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு மோட்டாரோ வேறு நீளக் கேபிளோ கொடுத்துவிட்டால் பார்த்து எழுத வழியே இருக்காது.

ஒரு பாடவேளையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே? சிலபஸ் முடிய வேண்டாமா?

50 நிமிடத்தில் 8 நிமிடம் போதும், அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பலர் பாடத்தை முடித்துவிட்டுக் கடைசியில் “இதோட பயன்கள்” என்று சொல்கிறார்கள். அப்போது மணி அடித்துவிடும். முதல் 5 நிமிடத்தில் பிரச்சினையை வையுங்கள், ஊகிக்கச் சொல்லுங்கள், விடையைச் சொல்லாமல் பாடத்துக்குள் போங்கள். கடைசி 3 நிமிடத்தில் அதே பிரச்சினையை மாணவர் ஒருவரே கரும்பலகையில் முடிக்கட்டும். எல்லா வகுப்புக்கும் செய்ய வேண்டியதில்லை, ஓர் அலகுக்கு ஒன்று போதும்.

வீட்டுப்பாடமாகத் தெருவில் உள்ள ஒரு மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வரச் சொல்லலாம். மாவு மில், தண்ணீர் டேங்க், லேத் பட்டறை எதுவானாலும் சரி. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, எதையும் தொடாமல் எடுக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வந்த படங்களில் ஒன்றைத்தான் அடுத்த தேர்வில் கேட்கப் போகிறீர்கள் என்றால் நன்றாகப் படித்துப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

பழைய மாணவர்களை அழைத்துப் பேச வைப்பது பயன்படுமா?

“கடினமா உழைங்க தம்பிங்களா” என்று பேசிவிட்டுப் போனால் பயன்படாது. வருவதற்கு முன்பே மூன்று கேள்விகளை அனுப்பிவிடுங்கள்: போன மாதம் பார்த்த பழுது என்ன, அதைக் கண்டுபிடிக்க எந்த அளவீடு எடுத்தீர்கள், இங்கே படித்ததில் எது உங்களுக்கு அப்போது தெரியாமல் போய்த் திரும்பப் படித்தீர்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் மாணவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்து 2, 3 வருடம் ஆனவர்களே நல்லது. மேலாளர் ஆனவர்கள் ஸ்பேனரைத் தொட்டுப் பல காலம் ஆகியிருக்கும்.

எல்லோரும் சைட் வேலைக்கே போவதில்லையே?

ஆமாம், அதனால் வகுப்பின் தொடக்கத்திலேயே யார் எங்கே போக நினைக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுத நினைப்பவருக்கு வேறு காரணம் சொல்ல வேண்டும். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்எஸ்சி) ஜேஇ தேர்வில் முதல் தாளின் 200 மதிப்பெண்ணில் 100 பொறியியல் பாடத்துக்கு, இரண்டாம் தாளின் 300 மதிப்பெண்ணும் முழுக்கப் பாடத்துக்கே. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேர நினைப்பவருக்குக் கணிதம்தான் முதல் தடைக்கல், ஏனென்றால் அங்கே போனதும் முதலாம் ஆண்டுக் கணிதம் தெரியும் என்று வைத்துக்கொண்டே நடத்துவார்கள். சொந்தமாக ஒப்பந்த வேலை எடுக்க நினைப்பவருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மேற்பார்வையாளர் தகுதிச் சான்று பற்றியும், அதற்கு டிப்ளமோவோடு அனுபவமும் வேண்டும் என்பதையும் இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிவிடுங்கள்.

“பொண்ணுங்களுக்கு சைட் ஒத்து வராது” என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த மாணவிகளிடம் பேனல் டிசைன், எஸ்டிமேஷன், டெஸ்டிங், ரிலே செட்டிங் கணக்குகளை எடுத்துக்காட்டாகக் கொடுங்கள். கூடவே சைட்டுக்குப் போய் வேலை பார்க்கும் பெண் பொறியாளர் ஒருவரை அழைத்து வாருங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நாம் சொன்னது ஏறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“பவர் ஃபேக்டர் வரையறு” என்று கேட்டால் தெரியாது. ஒரு தப்பான முடிவைக் கொடுத்து, எது தப்பு என்று கேளுங்கள். ‘28 ஆம்பியர் மோட்டார், ஸ்டார்-டெல்டா, ரிலே டெல்டா கண்ணிக்குள், செட்டிங் 28. சரியா? தவறென்றால் என்ன நடக்கும்?’ சூத்திரம் மட்டும் தெரிந்தவர் 16 என்று எழுதி நிறுத்திவிடுவார். புரிந்தவர் 48 ஆம்பியர் வரை ரிலே சும்மா இருக்கும் என்பதையும் எழுதுவார். அந்த இரண்டாவது வரிக்குத் தனி மதிப்பெண் வையுங்கள், அடுத்த தேர்விலிருந்து அதையும் எழுதப் பழகிவிடுவார்கள்.